ஏழாவது தடம்

“மெல்ல, மெல்ல! உதென்ன நெல்லு மூட்டையே? மூலையிலை இடிக்கப் போறியள்!”

தவராசா கத்திக்கொண்டே எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். நாங்கள் நான்கு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய கொட்டிலிலிருந்து வாசல் படலையடிக்கு வந்தோம். உண்மையைச் சொன்னால் தூக்கியது மூன்று பேர். நான் கை வைத்திருந்தேன், அவ்வளவுதான். நாரிப் பிடிப்பால் குனிய முடியாதவனுக்கு அதுவே பெரிய காரியம்.

தொண்டைமானாற்றில் கடல் பக்கமாக இறங்கும் குறுகிய மண் ஒழுங்கை. வெயில் ஏறிவிட்டது. காற்றில் கருவாட்டு மணம். ஒழுங்கை வாசலில் லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் புகை கக்கியபடி நின்றது. அதன் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் என் வீட்டு மெத்தையை விரித்திருந்தேன். மெத்தை போன விசயம் என் மனைவிக்குப் பின்னேரந்தான் தெரியவந்தது. அதைப்பற்றி இங்கே எழுத எனக்கு அனுமதியில்லை.

போன கிழமை இந்தப் பத்தியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதையை எழுதும்போது நானே சிரித்துச் சிரித்து எழுதினேன். இந்தக் கிழமை சிரிப்பு வராது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

எட்டு ஒழுங்கைகள்

தூக்கி வந்தது ஒரு பழைய ஒலிப்பதிவு மிசின். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கும் ரேப் ரெக்கோடர் இல்லை. ஸ்ரூடியோக்களில் வைத்திருந்த எட்டுத் தட மிசின். ஒரு சின்ன அலுமாரி அளவு. மேலே தட்டையான சாப்பாட்டுக் கோப்பை போல இரண்டு பெரிய சில்லுகள். முகப்பில் எட்டு மீற்றர்கள், அவற்றுக்குள் எட்டு ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் ஒரு தடத்துக்கு.

தடம் என்றால் என்னவென்று இளம் ஆட்கள் கேட்பார்கள். ஒரே நாடாவில் எட்டு ஒழுங்கைகள் பக்கம் பக்கமாக ஓடுவதாக நினையுங்கள். ஒன்றில் மிருதங்கம், ஒன்றில் ஆர்மோனியம், இன்னொன்றில் பாடுபவர். பாடுபவர் பிழை விட்டால் அந்த ஒழுங்கைக்குள் மட்டும் போய்த் திருத்தலாம். மிருதங்கக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக்கூடத் திருத்தலாம். ஆனால் ஒரு தடத்தில் புதிதாக ஒன்றைப் பதிந்தால் முன்பு அதில் இருந்தது போய்விடும். போனால் போனதுதான்.

ஒரு காலத்தில் வலிகாமத்தில் அப்படி ஒரு மிசினை வைத்து நான் தொழில் செய்தேன். ஸ்ரூடியோ என்று பெயர்தான் பெரிது. ஒற்றை அறை. சுவரெல்லாம், சத்தம் அடங்க, முட்டை அடுக்கும் மட்டை. மிசினுக்கும் பாடுபவருக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை. கரண்ட் இல்லாத காலம், பொருளாதாரத் தடைக் காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினோடு டைனமோவைப் பூட்டி, மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். அந்த மிசின் இரண்டு வீடு தள்ளிக் கிடங்குக்குள் நின்று இரையும். அப்படியிருந்தும் நாங்கள் பதிந்த எல்லாப் பாட்டிலும் அதன் குடுகுடுப்பு அடியில் கிடக்கும். கோயில் பாட்டு, கலியாண வாழ்த்து, நாடகம், எதுவென்றாலும்.

சண்டைக்கால இடப்பெயர்வில் மிசினை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அறைக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, மிசினும் இல்லை. போட்டிருந்த சேட்டுக்குள் வைத்து நான் கொண்டுபோனது ஒரேயொரு நாடாச் சுருள்.

அதில் என் தங்கச்சி பவானி இருந்தாள்.

அலுமாரிக்கு மேல்

பவானிக்கு நல்ல குரல். எங்கள் ஊர்ச் சங்கீத ரீச்சரிடம் படித்தவள். ரீச்சர் இழுக்கிற மாதிரியே இழுப்பாள், ரீச்சர் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் மூச்சு வாங்குவாள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு பாட்டு எழுதி, அதை அவளைக்கொண்டு பாடுவித்தேன். பாதிப் பாட்டுத்தான் முடிந்தது. மீதியைத் திருவிழாவுக்கு முன் பதிவோம் என்றிருந்தோம்.

மூன்று நாள் காய்ச்சல். மருந்து கப்பலில் வருகிறது என்றார்கள். கப்பலும் வந்ததுதான், நாலு நாள் கழித்து.

அவளுடைய மகள் மேகலாவுக்கு அப்போது ஒன்பது மாதம். தகப்பன் ஜேர்மனியில். பிள்ளை பிறக்கும் முன்பே போனவர், வர வழியில்லை. பிறகு அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. அதற்காக அவரை நான் திட்டப்போவதில்லை. பிள்ளையை நானும் என் மனைவியும் வளர்த்தோம்.

மேகலா எங்களிடம் எதையும் அடம்பிடித்துக் கேட்டவள் இல்லை. சட்டை கேட்கமாட்டாள், சைக்கிள் கேட்கமாட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பத்து வயதிருக்கும். சாமிப் படங்களோடு அலுமாரிக்கு மேலே இருந்த அந்தச் சுருளைக் காட்டி, “மாமா, அம்மான்ரை குரல் உதுக்குள்ளையோ இருக்கு?” என்றாள்.

“ஓம் பிள்ளை.”

“எப்ப கேக்கலாம்?”

“மிசின் கிடைக்கட்டும்.”

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். ஒரு போட்டோ இருக்கிறது. அதில் பவானி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காட்ட வேறொன்றும் என்னிடம் இல்லாததால் கதை சொன்னேன். “கொம்மா பாடேக்கை நீ என்ரை மடியிலைதான் இருந்தனி. ஒரு சத்தம் போடேல்லை” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அவளுடைய பாரம் மடியில் தெரியும்.

சுருளைக் கொழும்புக்கு அனுப்பு, லண்டனுக்கு அனுப்பு, அங்கே கொம்பியூட்டரில் ஏற்றித் தருவார்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஷெல்லடிக்குள்ளால் என் நெஞ்சோடு வந்த சாமானைத் தபால்காரரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேகலா தாதியாகி, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கலியாணமும் முடித்துக் கோண்டாவிலுக்குப் போய்விட்டாள். அலுமாரிக்கு மேலே அந்தச் சுருள் அப்படியே இருந்தது.

சன்னதியானுக்கு முன்னால்

போன வருடம், மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவர் அரியாலையில் என் வீட்டுக்கு வந்து சொன்னார்: தொண்டைமானாற்றுத் தவராசாவிடம் ஒரு எட்டுத் தட மிசின் சும்மா கிடக்கிறதாம். அடுத்த பஸ்ஸில் போய்விட்டேன்.

தவராசாவின் குடும்பம் கடல் தொழில் செய்யும் குடும்பம். அவருடைய தமையன் நோர்வேயில் இருந்தவர். சமாதான காலத்தில் ஊரில் ஒரு ஸ்ரூடியோ போடுகிறேன் என்று இந்த மிசினைக் கப்பலில் அனுப்பிவிட்டார். தானும் வருவதாக எழுதினார். பிறகு பாதை பூட்டினது, சண்டை வந்தது, எல்லாம் முடிந்தது, அவர் வரவில்லை. மிசினுக்கு மேல் வலை போட்டு, வலைக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு போட்டு வைத்திருந்தார்கள்.

“அண்ணை வருவார் எண்டுதான் வைச்சிருந்தனான்” என்றார் தவராசா. “போன வருசம் அங்கையே மோசம் போட்டார். சாம்பலைத்தான் அனுப்பினவை. கீரிமலையிலை கரைச்சுப்போட்டு வந்து உந்தக் கொட்டிலைத் திறந்தால், உது கிடக்கு.”

படங்கை விலக்கினார். கடற்காற்றுத் தன் வேலையைக் காட்டியிருந்தது. ஆணியெல்லாம் துரு. ஒரு மீற்றரின் கண்ணாடி வெடித்திருந்தது. நான் ஒரு சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. மற்றச் சில்லையும் சுற்றிப் பார்த்தேன்.

“வாங்கி என்ன செய்யப் போறியள்?”

“ஒரு ரேப் கேக்கவேணும்.”

“ஒரு ரேப்போ? ஒரு ரேப்புக்கோ இந்த ஆனையை வாங்கிறியள்?”

“ஓம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விலையில் பிரச்சினை இருக்கவில்லை. விலையை இங்கே எழுதமாட்டேன், மெத்தைக்காரி இந்தப் பத்திரிகையை வாசிப்பாள். பிரச்சினை வேறு. செம்புக் கம்பிக்காகப் பழைய மிசின்களைக் கழற்றி விற்கிறவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். நானும் அந்தக் கூட்டமோ என்று அவருக்குச் சந்தேகம்.

“குறை நினைக்காதையுங்கோ. சன்னதியிலை வந்து, கற்பூரம் கொளுத்தி, கழட்டி விக்கமாட்டன் எண்டு ஒரு சத்தியம் பண்ணுங்கோ. நீங்கள் காசு தராட்டிலும் பரவாயில்லை, உதை ஆரும் துண்டு துண்டா விக்கக்கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் என்னை ஒரு களவாணியாக நினைத்துவிட்டாரே என்று. ஆனாலும் அந்த ஊர்ச் சன்னதிக் கோயிலுக்குப் போனேன். சன்னதியானுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, “நான் உயிரோடை இருக்குமட்டும் உது முழுசாத்தான் இருக்கும்” என்று சொன்னேன். தவராசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியம் மிசினைப் பற்றியதுதான். வேறெதைப் பற்றியும் பொய் சொல்லமாட்டேன் என்று நான் அங்கே சொல்லவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

முதல் நாள்

திருத்த மூன்று கிழமை பிடித்தது. ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தது. இறைப்பு மிசினின் ரப்பர் ஒன்றைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, கடைந்து போட்டேன். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன். நாடா உரசி ஓடுகிற ஹெட்டுகளைத் துடைக்க மேகலா ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு வந்து தந்தாள். வரும்போதெல்லாம் மிசினைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சுருளைப் போட்டேன். வீட்டில் நானும் மேகலாவும் மட்டும். அவள் தலை முழுகி, ஈரம் காயாத கூந்தலோடு, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். கதிரையை மிசினுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் போனைப் பதிவில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பாடுபவரின் குரலை நான் எப்போதும் ஐந்தாம் தடத்தில் வைப்பது வழக்கம். ஐந்தை மட்டும் திறந்து மிசினை ஓடவிட்டேன். கரகரவென்று ஒரு இரைச்சல். வேறு ஒன்றுமில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: அவள் பாடிய அன்று ஐந்தாம் தடத்தில் கரகரப்பு இருந்தது. அதனால் அவளை ஏழுக்கு மாற்றினேன். எப்போதும் ஏழும் எட்டும் காலியாக விடுகிற இடம். அன்று மட்டும் ஏழில் பவானி.

“பொறு பிள்ளை, வருது” என்றேன். ஏழைத் திறந்தேன்.

ஊசி எழும்பியது. தூரத்தில் இறைப்பு மிசினின் குடுகுடுப்பு. பிறகு ஒரு பெண் குரல், பிள்ளையாரைக் கூப்பிட்டு, மெல்ல இழுத்துப் பாடத் தொடங்கியது.

மேகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போன் மடியில் விழுந்தது. அவள் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் முகம் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் கண்டதில்லை.

“அம்மா” என்றாள், மிசினைப் பார்த்து.

பாடியது பவானி இல்லை. இரண்டாவது சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது சங்கீத ரீச்சர். ரீச்சர் பாடியது பவானியின் கல்வெட்டு.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், அவருடைய பிறப்பு, வளர்ப்பு, உறவு, பிரிவு எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வாசிப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முதற் பாட்டுப் பிள்ளையாருக்கு. இரண்டாம் பாட்டில் செத்தவரின் பெயர் வரும்.

முதற் பாட்டு முடிய, என் கை தானாகப் போய் மிசினை நிற்பாட்டியது.

“இது காணும் பிள்ளை, இண்டைக்கு. பழைய ரேப். கனக்க ஓடினால் பிய்ஞ்சு போம்.”

“ஆர்மோனியத்தோடை சேர்த்துப் போடேலாதோ மாமா?”

“மற்றதெல்லாம் பழுதாப் போச்சு.”

அவள் எழும்பி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன், கும்பிட விட்டுக்கொண்டு.

நான் செய்த வேலை

அவள் போனபின் அந்தக் கதிரையிலேயே இருந்து எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்தது.

பவானி செத்து முப்பத்தோராம் நாள். கீரிமலைக்குப் போகப் பாதை அடைத்திருந்ததால் அந்தியேட்டியை வேறொரு கடற்கரையில் செய்தோம். வீட்டில் ரீச்சர் கல்வெட்டு வாசித்தா. ஜேர்மனியில் இருந்த மச்சானுக்கு அதைக் கசெற்றில் அனுப்பவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். செத்தவீட்டுக்கும் வரவில்லை, கல்வெட்டையாவது கேட்கட்டும் என்று. அடுத்த நாள் ரீச்சரை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரீச்சர் நாலு வரிக்கு ஒருக்கால் அழுதுவிடுவா. கசெற்றில் நேரே பதிந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? எட்டுத் தட மிசினில் பதிந்து, அழுகிற இடங்களைத் திருத்தி, பிறகு கசெற்றில் ஏற்றலாம் என்று நினைத்தேன். புது நாடா வாங்க வழியில்லை. தடைக் காலம். இருந்தது அந்த ஒரு சுருள்தான், பவானி பாடிய சுருள்.

அதில் ஏழும் எட்டும் காலி என்று நினைத்தேன். எந்தத் தடத்தில் எது என்று எழுதிய துண்டு பெட்டிக்குள் இல்லை. செத்தவீட்டன்று யாரோ அதன் பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடதாசிக்கும் தட்டுப்பாடுதானே. பரவாயில்லை, பதிவதற்கு முன் ஏழாம் தடத்தை ஒருக்கால் ஓடவிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. புதுப் பழக்கக்காரனுக்கும் அது தெரியும்.

நான் கேட்கவில்லை. கேட்டால் எங்கேயாவது அவளுடைய குரல் வந்துவிடும் என்று பயந்தேன். செத்து ஒரு மாதந்தான். அவள் பாடுவதைக் கேட்க என்னிடம் தைரியம் இருக்கவில்லை. எல்லாத் தடங்களையும் மூடி வைத்துவிட்டு, ஏழில் ரீச்சரையும் எட்டில் சுருதிப் பெட்டியையும் பதிந்தேன்.

தங்கச்சியின் கல்வெட்டைப் பதிந்து தங்கச்சியின் குரலை அழித்தேன். மடையன், மடையன் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாலும் அது திரும்பி வராது. அலுமாரிக்கு மேலே சாமிப் படத்தோடு நாங்கள் இத்தனை காலம் பூப் போட்டு வைத்திருந்த சுருளில் அவள் இல்லை.

ஜேர்மனியிலிருந்து ஒரு கோல்

மேகலா அந்தப் பாட்டைத் தகப்பனுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து மச்சான் என்னைப் போனில் எடுத்தார். நாங்கள் கதைத்துப் பல வருடம்.

“ரீச்சர் இப்ப இருக்கிறாவோ?” என்று கேட்டார்.

“இல்லை. மோசம் போய்க் கன காலம்.”

“அந்தக் கசெற்றை எத்தினை தரம் கேட்டனான் தெரியுமோ மச்சான்? அறுந்துபோகு மட்டும் கேட்டனான். முதல் மூச்சிலையே தெரிஞ்சிட்டுது.”

“பிள்ளைக்கு என்ன சொன்னனி?”

“அம்மாதான் எண்டு சொன்னனான். பிள்ளை சந்தோசமாயிருக்கு. நீயும் ஒண்டும் சொல்லாதை.”

போனை வைத்தபின் எனக்கு நெஞ்சு லேசானது போலவே இருந்தது. பொய்யில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் அல்லவா? அந்த லேசு ஒரு கிழமைகூட நிற்கவில்லை.

மேகலா வந்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாளாம். அழாத ஆள் இல்லையாம். அதோடு விட்டாளா? குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினாள். பிள்ளையாருடைய பெயரில் ஒரு இழுப்பு வரும், ரீச்சரின் இழுப்பு. அதை அப்படியே பிடித்திருந்தாள்.

“அம்மா மாதிரி வருதோ மாமா?”

“வருது” என்றேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆர்மோனியத் தடம்

அடுத்த நாள் காலையிலேயே மிசினுக்கு முன்னால் இருந்துவிட்டேன். ஏழும் எட்டும் போனாலும் மற்ற ஆறு தடங்கள் இருக்கின்றன. ஒற்றை அறையில் பதிந்தவை. எங்கேயாவது ஒரு மூலையில், ஒரு இருமல், ஒரு தும்மல், ஏதாவது அவளுடையது ஒட்டிக்கொண்டிருக்காதா?

மிருதங்கத் தடத்தில் ஒன்றுமில்லை. வயலினில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் சேர்ந்து பாடிய தடத்தில் யாரோ ஒருவனுக்குக் கிச்சு மூட்டிச் சிரிக்கிற சத்தம். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பத்தடிக்கு ஒருக்கால் ஹெட்டில் நாடாவின் கபில நிறப் பொடி படிந்தது. துடைத்துத் துடைத்து ஓடவிட்டேன்.

மூன்றாம் நாள், இரண்டாவது தடம். ஆர்மோனியம். பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால், ஆர்மோனியக்காரர் துருத்தியை அசைத்துப் பார்க்கிற சத்தம். அதற்குப் பின்னால், நல்ல தூரத்தில், ஒரு குழந்தை சிணுங்கியது.

பிறகு அவள்.

“அண்ணை, நான் பாடேக்கை பிள்ளையை ஒருக்காப் பிடிப்பியளோ?”

அவ்வளவுதான். கிணற்றடியில் நின்று கதைப்பதுபோல் அவ்வளவு மெல்லிய சத்தம். ஆனால் அவள்தான். அந்த ‘அண்ணை’யை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

அதற்குப் பதிலாக ஒரு ஆண் குரல், மைக்குக்குப் பக்கத்தில் நின்று, காதுக்குள் அடிப்பதுபோலப் பலமாக:

“நான் மிசினைப் பாப்பனோ பிள்ளையைப் பாப்பனோ? இடுப்பிலை வைச்சுக்கொண்டு பாடன்.”

என் குரல்.

“சரி, சரி” என்று அவள் சிரித்தாள். செருப்புச் சத்தம். கதவு சாத்துகிற சத்தம். ஆர்மோனியம் வாசித்து முடியும் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே மாமரத்தடிக்குப் போயிருப்பாள். பிறகு ஆர்மோனியம் தொடங்கிவிட்டது.

மடியில் வைத்திருந்தேன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேனே, அதுவும் பொய். அது பொய்யென்று எனக்கே தெரியாது. தங்கச்சியின் குரலைத் தொலைத்தது போதாதென்று, அவள் என்னிடம் கேட்ட ஒரேயொரு உதவியையும் செய்யவில்லை. மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டு என் முதுகைத் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை

இப்போது என் கையில் இரண்டு இருந்தன. ஒரு முழுப் பாட்டு, பொய். ஒரேயொரு வரி, உண்மை. உண்மையைக் கொடுக்கவேண்டுமென்றால் பொய்யைப் பிடுங்கவேண்டும். பேசாமல் விட்டுவிடலாம். மச்சான் வாயைத் திறக்கமாட்டார், ரீச்சர் இல்லை, நானும் இன்னும் எத்தனை காலம்? ஆனால் அந்தப் பிள்ளை குசினிக்குள் நின்று வேறொருத்தியின் மூச்சைத் தன் தாயின் மூச்சென்று பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டையோடு நேரே வந்தாள். இருக்கச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சர், கல்வெட்டு, துண்டு, ஏழாவது தடம், கேட்கப் பயந்தது, மிசினை நிற்பாட்டியது. ஒன்றையும் விடவில்லை.

மேகலா என்னைப் பார்க்கவில்லை. மிசினின் வெடித்த மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது, என்ன?” என்றாள். அவள் என்னோடு அந்தக் குரலில் கதைத்ததே இல்லை. “வாட்டிலை எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான் மாமா. விசரி மாதிரி.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

“பிள்ளை, போகாதை. இன்னும் ஒண்டு கிடக்கு. இது கொம்மாதான். ஒரு வரிதான்.”

“இதையும் நம்பச் சொல்லுறியளோ?”

“என்னை நம்பாதை. கேள்.”

நின்றபடியே கேட்டாள். சிணுங்கல், அந்த ஒரு வரி, என் குரல், அந்தச் சிரிப்பு, கதவு. ஆர்மோனியம் தொடங்க நிற்பாட்டினேன்.

“திருப்பிப் போடுங்கோ.”

போட்டேன். மூன்று தரம் போடுவித்தாள். மூன்றாம் தரம் கதிரையில் இருந்துவிட்டாள். கண்ணீர் இல்லை. முதல் நாள் சிரித்த சிரிப்பும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நோயாளியின் நாடி பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

“அழுகிறது நானோ?”

“ஓம்.”

“நீங்கள் மடியிலை வைச்சிருந்தனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அப்பிடித்தான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான் பிள்ளை. வைச்சிருக்கேல்லை. நான் தூக்கேல்லை.”

“அப்ப ஆர் வைச்சிருந்தது?”

“கொம்மாதான். வேறை ஆக்கள் இல்லை. உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டுதான் பாடியிருப்பாள்.”

அவள் மிசினின் சில்லில் கையை வைத்தாள். சில்லு நின்றிருந்தது. வெளியே ஐஸ்கிறீம் வான் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போய் முடிந்தது.

“பாடி முடியும் வரைக்குமோ?”

“ஓம். நடுவிலை நிப்பாட்டேல்லை. அது எனக்கு நல்லா ஞாபகம்.”

மேகலா தலையை ஆட்டினாள்.

“அப்ப நான் கேட்டிருக்கிறன்” என்றாள்.